அகஸ்ரினாவின் போறணை

ரொபின்சன் திருத்தப் போகும் எந்த இயந்திரத்தையும் எடுத்த எடுப்பில் திறக்கமாட்டார். முதலில் அதன் பக்கத்தில் குந்துவார். கண்ணை மூடுவார். காதை வைப்பார். வீட்டுக்காரர் மூச்சுவிடாமல் சுற்றி நிற்பார்கள். பிறகு எழும்பி ஒரே ஒரு சொல் சொல்வார். "பம்ப்." அல்லது "பெல்ட்." பத்துக்கு ஆறு தடவை அது சரியாக இருக்கும். மற்ற நாலையும் தன் ஊரான வங்காலையின் சனம் மறந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் எடுத்தது ஒரு வோஷிங் மெஷினால். ஒரு மீன்பிடிகாரர் வீட்டில் அது தண்ணீர் வெளியேற்றும்போதெல்லாம் கத்தியது. மன்னார் ரவுனிலிருந்து மூன்று பேர் வந்து திறந்து பார்த்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ரொபின்சன் காதை வைத்தார். "ஈயம்" என்றார். பம்புக்குள் வலையில் கட்டும் ஈயக்குண்டு நாலு கிடந்தது. வீட்டுக்காரர் கால்சட்டைப் பைக்குள் மறந்துவிட்டவை. அன்றிலிருந்து அவர் காது வைத்தியர். அந்தப் பட்டம் பிடிக்காததுபோல நடிக்கப் பழக அவருக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

அகஸ்ரினா கேக் வேகவைக்கும் மின்சாரப் போறணைக்குக் காது வைத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. போறணை சத்தம் போடுகிற சாமான் இல்லை. அதை அவர் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

அகஸ்ரினாவுக்குப் பகலில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. பின்னேரத்தில் கேக் போடுவாள். ஊரில் ஞானஸ்நானம், பிறந்தநாள், நினைவுநாள் எதுவென்றாலும் அவளுடைய பட்டர் கேக்தான். ஒக்டோபர் முதல் கிழமையிலிருந்து அந்தக் கேக் பழுதாகத் தொடங்கியது. மேலே பொன்னிறம். கத்தியை நடுவில் இறக்கினால் களி.

"எவ்வளவு நேரம் வைக்கிறனீங்கள், தங்கச்சி?"

"எப்பவும் வைக்கிற நேரந்தான், அண்ணை."

"எவ்வளவு சூட்டில?"

"எப்பவும் வைக்கிற சூடுதான்."

நல்ல வைத்தியன் இந்த இடத்தில் இன்னொரு கேள்வி கேட்டிருப்பான். ரொபின்சன் எழும்பி, "தேர்மோஸ்டாட்" என்றார்.

சூட்டை அளவில் வைக்கும் தேர்மோஸ்டாட்டை மாற்றினார். அடுத்த கேக்கும் களி. "கீழ்க் கொயில்" என்று சூடேற்றும் கம்பிச்சுருளைக் காட்டினார். அதையும் மாற்றினார். களி. "கதவு றபர். சூடு வெளியில போகுது." றபரும் மாறியது. ஒவ்வொரு தடவையும் அவள் மத்தியானம் சாப்பிட வரும் நேரத்தில் வந்து, உள்ளே வெப்பமானியை வைத்து முழுதாக ஒரு மணித்தியாலம் பார்த்தார். நூற்றி எழுபது என்றால் நூற்றி எழுபது. மத்தியானம் சுகமாக இருக்கும் நோயாளி பின்னேரம் படுத்துவிடுவது ஏன் என்று யோசித்தார். அயல் வீடுகளின் தண்ணீர் மோட்டர்கள் பின்னேரத்தில் மின்சாரத்தை இழுக்கின்றன என்று முடிவு கட்டி, அயல் வீடுகளுக்குப் போய் அதைப் பற்றி விளக்கமும் கொடுத்தார்.

பின்னேரத்தில் வந்து பார்க்க அவருக்கு வழியில்லை. ஆறு மணிக்கு அவர் கோயிலில் இருக்கவேண்டும்.

கோயிலில் இருபத்திரண்டு வருடமாக மைக்கில் செபமாலை சொல்லிவந்தவர் செபஸ்தியாம்பிள்ளை. செப்டெம்பர் கடைசியில் கண் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போனார். பங்குச் சுவாமி மைக்கை ரொபின்சனிடம் கொடுத்தார். அது அவருக்குப் பெரிய மரியாதை. அதைவிடப் பெரிய பெருமை, அவருடைய வேகம். செபஸ்தியாம்பிள்ளை முக்கால் மணித்தியாலம் எடுத்ததை அவர் முடிவில் வரும் மாதா பிரார்த்தனையோடு சேர்த்து இருபத்தெட்டு நிமிடத்தில் முடித்தார். வராத இளைஞர்களும் வரத் தொடங்கினார்கள். "ரொபின்சன் அண்ணை சொன்னா ரீவி நாடகத்துக்கு முதல் வீட்ட போயிடலாம்" என்று பெண்கள் கதைத்தார்கள். அதைத் தன் பக்திக்குக் கிடைத்த பாராட்டாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை அகஸ்ரினா பாதியாக வெட்டிய கேக் ஒன்றோடு அவர் வீட்டுக்கே வந்தாள்.

"பாருங்கோ. மூண்டு சாமான் மாத்தியாச்சு. இனிப் பழசெண்டு மிச்சம் கிடக்கிறது கதவு மட்டுந்தான்."

"கதவையும் ஒருக்கா..."

"அண்ணை!"

அவர் கேக்கின் களியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்கி முதல் நன்மை எடுக்கிறார்கள். பூசை முடிந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கேக்கை அகஸ்ரினாதான் போடவேண்டும் என்று சுவாமி சொல்லியிருந்தார். ஒரே பெரிய தட்டு. சனிக்கிழமை பின்னேரம் போடுவது. மாதர் சங்கத் தலைவி லூர்தம்மாவோ, ரவுன் பேக்கரியில் வாங்குவோம் என்று ஏற்கெனவே பிடிவாதமாக நிற்கிறார்.

"நன்மை எடுத்த வாயில களி வைக்கேலாதாம். எல்லாருக்கும் முன்னால சொல்லுறா. இந்தக் கேக்கும் பிழைச்சா நான் இனிப் போடமாட்டன். போறணையை உடுப்பு வைக்கிற அலுமாரியாக்குவன்." அகஸ்ரினா கேக்கை மேசையில் வைத்தாள். இன்னும் சத்தமாகக் கதைத்தாள். "நாளைக்குப் பின்னேரம் வந்து பக்கத்தில இருந்து பாருங்கோ. வராட்டி திருத்த வேலை செய்யிற ஷிஹாப்பைக் கூப்பிடுறன்."

"ஷிஹாப்போ? அவன் போனைப் பாத்துப் பிழை பிடிக்கிறவன்."

"பிடிக்கிறான்தானே."

செபஸ்தியாம்பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பியிருந்தார். ரொபின்சன் அவரிடம் போய், வியாழன் ஒரு நாள் மட்டும் மைக்கைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டார். கிழவர் மறுக்கவில்லை.

வியாழன் ஆறு மணிக்கு ரொபின்சன் அகஸ்ரினாவின் குசினியில் போறணைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். மடியில் வெப்பமானி, மீட்டர், டோர்ச். கோயில் மணி அடித்தது. ஒலிபெருக்கியில் செபஸ்தியாம்பிள்ளையின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் கீழே இறக்கிவைத்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எடுக்கும் குரல். அகஸ்ரினா சிலுவை போட்டுக்கொண்டாள். தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினாள். பிறகு கோயிலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

வெப்பமானி அசையவில்லை. ரொபின்சன் செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

பிரார்த்தனை முடிந்து "ஆமென்" வந்தது. அகஸ்ரினா கையைத் துடைத்தாள். எதையும் பார்க்காமல் கதவைத் திறந்து தட்டை வெளியே எடுத்தாள். கத்தியை நடுவில் இறக்கினாள். கத்தி சுத்தமாக வந்தது.

"பாத்தியளோ! நீங்கள் பக்கத்தில இருந்தா பயத்தில ஒழுங்கா வேலை செய்யுது."

ரொபின்சன் குசினியைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் மணிக்கூடு இல்லை.

"தங்கச்சி, நீங்கள் நேரம் எதில பாக்கிறனீங்கள்?"

"நேரமோ? செபமாலை தொடங்கேக்க வைப்பன். பிரார்த்தனை முடிய எடுப்பன். பத்து வருசமா அப்பிடித்தான்."

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தாறு நிமிடம்.

போறணையில் பிழை பிடிக்க வந்தவர் தன் நாக்கில் பிழை பிடித்தார். அவருடைய வேலைக்கூடத்தில் கழற்றிப் போட்ட, ஒரு குறையும் இல்லாத தேர்மோஸ்டாட், ஒரு கொயில், ஒரு றபர் கிடந்தன. இதை இப்போது சொன்னால், விடியமுதல் வங்காலை முழுக்கத் தெரியும். மத்தியானத்துக்குள் தலைமன்னாருக்கும் போய்விடும்.

"புது றபர்" என்றார். "கதவோட ஒட்டி இருக்க ரெண்டு நாள் எடுக்கும். இப்ப இருந்திட்டுது."

அவ்வளவு நன்றாகத் தனக்குப் பொய் சொல்ல வரும் என்று அவருக்கே தெரியாது.

"எதுக்கும் சனிக்கிழமை போனில நாப்பத்தைஞ்சு நிமிசம் வைச்சுப் பாருங்கோவன்."

"மாதாவை விட்டிட்டுப் போனை நம்பச் சொல்லுறியளோ? கோயில்ல மைக் பிடிக்கிற ஆள் சொல்லுற கதையே இது?"

இதற்கு அவரிடம் ஒரு பதில்தான் இருந்தது. அது உண்மை. ஆகவே மீட்டரையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு எழும்பினார்.

வழி ஒன்று தெரிந்தது. மெதுவாகச் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை சொல்லிப் பார்த்தார். அடி எடுத்துவைக்கப் பழகும் குழந்தைபோல ஒவ்வொரு சொல்லாக நடந்தார். முன்வரிசையில் இருந்த லூர்தம்மா இடையில் எட்டிப் பார்த்து, "ரொபின்சன், சுகமில்லையோ?" என்று கேட்டார். நாற்பத்துநாலு நிமிடம். ரொபின்சன் சந்தோசமாக வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை முன்வரிசைகளில் முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மணி அடித்து, அவர் சிலுவை அடையாளமும் சொல்லி முடித்த பிறகு சுவாமி பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ரொபின்சன், இண்டைக்குப் பிள்ளையள் சொல்லட்டும். ஆளுக்கு ஒரு மங்கள வார்த்தைச் செபம்."

அகஸ்ரினாவின் தட்டு அப்போதே உள்ளே போயிருக்கும்.

முதல் பிள்ளை மைக்கை விழுங்குமாப்போல் வாயருகே வைத்துக் கத்தியது. இரண்டாவது பாதியில் மறந்து, முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் மறந்து அழுதது. தாய் எழும்பி வந்து சமாதானப்படுத்தினாள். ஒரு பிள்ளை உயரம், அடுத்தது கட்டை. ஒவ்வொரு முறையும் மைக்கை ஏற்றி இறக்கவேண்டியிருந்தது. அந்த வேலை திருத்தக்காரர் என்ற முறையில் ரொபின்சனுக்கே விழுந்தது. இருபது நிமிடத்தில் ஐந்து இரகசியங்களில் இரண்டாவது முடியவில்லை. நாற்பதில் நாலாவது நடந்துகொண்டிருந்தது.

போறணைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பழைய கொயில் என்றால் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கும். பழைய றபர் கொஞ்சச் சூட்டை வெளியே விட்டிருக்கும். அவர் பூட்டியவை எல்லாம் முதல்தரச் சாமான்.

ஐம்பதாவது நிமிடத்தில் பிரார்த்தனைக்கு மைக் அவர் கைக்கு வந்தது. முழு வேகத்தில் தொடங்கினார். சனமோ பிள்ளைகளைப் பார்த்து மனம் உருகி, ஒவ்வொரு மன்றாட்டுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பதிலை இராகம் இழுத்துப் பாடியது. அவர் ஓடினார். அவர்கள் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். போன் வெளியே மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு லூர்தம்மாவிடம் குனிந்தார்.

"அக்கா, ஒருக்கா அகஸ்ரினா வீட்ட ஆரையும் அனுப்பி..."

"செபத்தில கதையாத." லூர்தம்மா கண்ணைத் திறக்கவில்லை.

சும்மா இருக்கலாம். கேக் கருகும். பழி போறணைக்கு. அவர் கதவையும் மாற்றலாம். இரண்டு மன்றாட்டுச் சொல்லும் நேரம் ரொபின்சன் இதை உண்மையாகவே யோசித்தார். அலுமாரியாகப்போகும் போறணை கண்ணுக்குள் வந்தது. மூன்றாவது மன்றாட்டின் இடத்தில், அதே இராகத்தில் சொன்னார்:

"அகஸ்ரினா, கேக்கை எடுங்கோ!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது கோயில் முழுவதும்.

பிறகுதான் சனத்துக்கு விளங்கியது. லூர்தம்மா கண்ணைத் திறந்தார். பாதியில் நிறுத்தினால் அகஸ்ரினா விளையாட்டு என்று நினைத்துவிடுவாள் என்று பயந்து ரொபின்சன் தொடர்ந்தார்.

"பகிடி இல்லை, தங்கச்சி. உடன எடுங்கோ. போறணையில ஒரு பிழையும் இல்லை. நான் கெதியாச் செபமாலை சொன்னபடியாத்தான் கேக் வேகேல்லை. இண்டைக்குப் பிந்திப்போச்சு."

பீடத்தருகே சுவாமி முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு இருமினார். கனநேரம் இருமினார்.

செபம் முடிந்து சனம் வெளியே வந்தபோது அகஸ்ரினா தட்டோடும் கத்தியோடும் வாசலில் நின்றாள். சனம் சுற்றிக்கொண்டது. ஓரம் நாலு பக்கமும் கறுத்திருந்தது. அவள் எல்லாருக்கும் முன்னால் கத்தியை நடுவில் இறக்கினாள். சுத்தமாக வந்தது.

"ஓரத்தை வெட்டினாலும் முப்பத்திரண்டு பேருக்குக் காணும்" என்றாள். பிறகு ரொபின்சனைப் பார்த்தாள். "அப்ப, மூண்டு சாமான்."

"மூண்டு" என்றார் அவர்.

"வியாழக்கிழமையே தெரியும்."

"தெரியும்."

அவள் கறுத்த மூலை ஒன்றை வெட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருக்க அவர் அதைத் தின்றார். கைத்தது. முழுவதையும் தின்றார்.

லூர்தம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ரொபின்சன், போன மாசம் எங்கட வோஷிங் மெஷினுக்கு ஒரு பெல்ட் மாத்தினனீர்."

"ஓம், அக்கா."

"அது பெல்ட்தானே?"

ரொபின்சன் வாயில் மிஞ்சியிருந்த கருகலை விழுங்கினார்.

"அநேகமா" என்றார்.