பக்கம் புரட்டுகிறவரின் நாற்காலி

டாக்டர் வெண்டல் நூட்சன் இறந்து சில வாரங்கள் ஆன பிறகும், ஊரில் பாதிப் பேர் அவர் மனைவி ஆர்டிஸைப் பார்த்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். துக்கத்தால் அல்ல, பழக்கத்தால். மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் பல்லுக்குக் கம்பி கட்டும் டாக்டர் அவர் ஒருவர்தான்; ஊர் அவரை 'டாக்' என்றே கூப்பிடும். கம்பியைக் கழற்றியதும், பல் மறுபடி கோணாமல் இருக்க, தூங்கும்போது வாயில் மாட்டிக்கொள்ளும் தட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்புவார். அதை ஒழுங்காக மாட்டிய புண்ணியவான் ஊரில் ஒருவரும் இல்லை. அதனால் மளிகைக் கடையிலோ தேவாலயத்திலோ அவர் எதிரே வந்தால், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடப் பல்லைக் காட்டாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவுவார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பயம் போகவில்லை. இப்போது அது மனைவியிடம் வந்து சேர்ந்திருந்தது.

ஊருக்கு அவர் பல் மட்டும் பார்க்கவில்லை. பழைய சினிமாக் கொட்டகையை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கப் பார்த்தபோது, வீடு வீடாக ஏறி இறங்கி அதைக் கலையரங்கமாக்கியவர் அவர்தான். நாடகத்துக்குத் திரையில் வண்ணம் அடிப்பார், வாசலில் டிக்கெட் கிழிப்பார், கூரை ஒழுகினால் வாளியோடு ஓடுவார். மாலையானால் ஏதாவது ஒரு கூட்டம். ஆர்டிஸ் தனியே சாப்பிட்டுவிட்டு, அவருடைய தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். தங்கமான மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஊர்ப் பல்லையெல்லாம் நேராக்கியவர் அவளுடைய தெத்துப்பல்லை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. "எனக்கும் ஒரு கம்பி போட்டுவிடேன், வெண்டல்" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். "அது கிடக்கட்டும் விடு" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அது அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவளுக்கென்று அவர் அசையாமல் உட்கார்ந்த ஒரே இடம் பியானோவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி. ஊர்ப் பாடகர் குழுவுக்கு ஆர்டிஸ்தான் பியானோ. அவர் பக்கம் புரட்டுவார். இசைக்குறிப்பு படிக்க அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. அவள் லேசாகத் தலையசைப்பாள், எழுந்து புரட்டுவார், உட்காருவார். உண்மையில் அவளுக்குப் பாட்டுகள் எல்லாம் என்றோ மனப்பாடம். பக்கம் தேவையே இல்லை. அதைச் சொன்னால் டிக்கெட் கிழிக்கப் போய்விடுவார் என்று சொல்லாமலே மென்று விழுங்கினாள்.

அவருக்கு அந்த நாற்காலியும் ஊர் வேலைகளில் ஒன்றுதானா, இல்லை தனக்காகத்தான் உட்கார்ந்தாரா? அவர் இருந்தவரை கேட்கத் துணியவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

நினைவுக் கூட்டம் அதே அரங்கத்தில் நடந்தது. ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பாடகர் குழுவை நடத்தும் வெர்னா மேடைக்கு வந்தாள்.

"மருந்துக்கடை டேல் உங்க பக்கத்துல உக்காரட்டும், ஆர்டிஸ். அவனுக்கு நோட்ஸ் நல்லாப் படிக்கத் தெரியும்."

"யாரும் வேண்டாம்."

"அப்போ பக்கம் எப்படிப் புரளும்? பனிக்காத்து வந்து புரட்டுமா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ உன் குழுவுல பாடற ஆம்பளைங்களைப் பாத்துக்க. போன தடவை பாட்டு முடிஞ்சும் அவங்க முடிக்கலை."

"சும்மா ஒரு துணைக்குத்தான் சொல்றேன்."

"வேண்டாம்னா விடேன், வெர்னா."

"சரி, அந்தக் காலி நாற்காலியையாவது எடுத்துடறேன்."

"அதுல கை வெச்சே, நான் வாசிக்கவே மாட்டேன்."

வெர்னா பெருமூச்சு விட்டுக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். நாடகத்தில் அவர் மரமாக நின்று தும்மிய கதை, ஒழுகும் கூரைக்குக் கீழே குடை பிடித்து நின்ற கதை. அரங்கமே சிரித்தது. வரிசை வரிசையாக அவர் நேராக்கிய பற்கள். ஆர்டிஸும் சிரித்தாள். எல்லாம் கேட்ட கதைதான். ஆனால் ஒன்றிலும் அவள் இல்லை. சொந்தப் புருஷனின் நினைவு நாளில் அவள் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் பாடகர் குழு எழுந்தது. ஆர்டிஸ் அரங்கத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். கடினமான ஓர் இடம் வந்ததும் வழக்கம்போல் உதட்டைக் கடித்தாள். பக்கம் முடியும் இடத்தில், அவளை அறியாமல் தலை அசைந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் விரல்கள் நிற்கவில்லை. முதல் பக்கமே திறந்துகிடக்க, பாட்டு கடைசிவரை ஒரு பிசிறில்லாமல் போயிற்று. எதிரே நின்ற வெர்னா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த பன்னும், கேரட் போட்ட ஆரஞ்சு ஜெல்லியும், தண்ணீர் மாதிரிக் காபியும். ஆர்டிஸ் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் வந்து தோளைத் தொட்டுவிட்டு, தங்களுக்குள் பேசிக்கொள்ளப் போனார்கள். வெர்னா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை நீங்க."

ஆர்டிஸுக்கு முகம் சிவந்தது. "கண்டுபிடிச்சுட்டியா?"

"இன்னைக்கா கண்டுபிடிச்சேன்? உங்களுக்குப் பக்கமே வேண்டாம்னு எனக்கு எப்பவோ தெரியும். டாக்தான் சொன்னார்."

"வெண்டலா? அவருக்குத் தெரியுமா?"

"மூணாவது பக்கத்துல நீங்க கண்ணை மூடிக்கிட்டே வாசிப்பீங்களாம். தெரியாம இருக்குமா? 'அப்புறம் எதுக்கு டாக், எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரறீங்க?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'கீழ உக்காந்தா எனக்கு அவ முதுகுதானே தெரியும்? இங்க இருந்தா, கஷ்டமான இடம் வரும்போது அந்தத் தெத்துப்பல்லால உதட்டைக் கடிச்சுக்குவா பாரு, அதைப் பாக்கலாம்'னார். அதை நேராக்கிவிடுன்னு நீங்க ஒரு தடவை கேட்டீங்களாமே. உயிரே போயிடுச்சுன்னார்."

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"'எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா என்னைக் கீழ அனுப்பிடுவா, நீ வாயைத் திறக்காதே'ன்னு கேட்டுக்கிட்டார். வாயைத் திறக்காதேன்னு டாக் யாருகிட்டயாவது சொன்னது அந்த ஒரு தடவையாத்தான் இருக்கும்."

ஆர்டிஸ் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் டேலை உக்காத்தப் பாத்தேன். பக்கத்துக்காக இல்லை. நீங்க அங்க தனியா இருக்கவேண்டாமேன்னுதான்."

ஆர்டிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அரங்கம் காலியாக இருந்தது. தரையெங்கும் பூட்ஸ்களில் வந்த பனி உருகிக் கிடந்தது. மேடையேறி, முதல்முறையாக அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் பியானோ சரியாகத் தெரியவில்லை. வாசிப்பவரின் முகம் இருக்கும் இடம்தான் நேராகத் தெரிந்தது. இப்போது அங்கே முகம் இல்லை.

எழுந்து, அவர் செய்வதைப்போலவே மேல் முனையைப் பிடித்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லியிருக்கலாமே, வெண்டல்" என்றாள்.

பிறகு, "நானும்தான்" என்றாள்.