வலப்பக்கம் ஒன்றரை அங்குலம்

ஜீப்பு வலது பக்கம் சாய்ந்து நின்றது. கிள்ளிப்பாலத்தில் யோசுவாவின் ஒர்க்‌ஷாப் வாசலில், காலைப் பத்து மணி வெயிலில், ஒரு காலில் மட்டும் செருப்பு போட்ட ஆள் மாதிரி நின்றது. யோசுவா பாதி குடித்த டீ கிளாஸை அப்படியே மதில்மேல் வைத்துவிட்டு அதன் எதிரே குந்தினார். அவருக்கு இது ஒரு வியாதி. ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் முகத்தைச் சுளிப்பார். ஓடிக்கொண்டே இருந்து ஏதோ ஒன்று மட்டும் சரியில்லை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

டிரைவர் வன்னியபெருமாள் இறங்கி வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஜீப்பு அது. தோட்டத்து வண்டிகள் எல்லாமே இங்கேதான் வரும். ஒர்க்‌ஷாப்பின் பாதிப் பிழைப்பு அதில்தான். கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் யோசுவா அதை மனைவி லீலாபாயிடம் கொடுத்தார். மிஷன் பள்ளியில் எட்டு வருஷம் டீச்சராக இருந்தவள். ஒர்க்‌ஷாப்பின் எழுத்து வேலையெல்லாம் அவள் பாடு.

“வண்டி ஒரு பக்கம் தாந்து போனது ஓவர்லோடு ஏத்தினதுனாலயான்னு கேட்டிருக்கு. காரணத்த எழுதிக் கொடுத்தனுப்பணுமாம்,” என்றாள் லீலாபாய்.

“நான் களவா விறகு ஏத்தி விக்குதேன்னு தோட்டத்து சூப்பரண்டுக்கு ஒரு நெனப்பு, அண்ணாச்சி,” என்றான் வன்னியபெருமாள். “நீங்க ஆமான்னு எழுதிட்டா நாளைக்கே லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு. மூணு பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போக?”

“ஏத்தினீரா?”

“இல்ல அண்ணாச்சி.”

“ஏத்தினாலும் பாரம் ரெண்டு பக்கமும்லா எறங்கும். ஒரு பக்கம் மட்டும் எதுக்கு எறங்குச்சுன்னு பாப்போம்,” என்றார் யோசுவா. அவன் பிள்ளைகளைப் பற்றி அவர் அந்த நேரத்தில் நினைத்தார் என்று சொன்னால் அது பொய். அவர் கண் மட்கார்டில் இருந்தது.

மடக்கு அளவுகோலை விரித்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தார். வலது பக்கம் ஒன்றரை அங்குலம் குறைவு. நாலு டயரிலும் காற்று ஒரே அளவு. தரைதான் கோணலோ என்று வண்டியை அப்படியே திருப்பி நிறுத்தச் சொன்னார். வண்டியோடு சாய்வும் திரும்பியது. டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறதே என்று அதைக் காலி செய்து பார்த்தார். கால் அங்குலம்கூட ஏறவில்லை. அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். நாலு சக்கரத்திலும் எண்ணிக்கை சரி. எதிலும் உடைவு இல்லை, கீறல்கூட இல்லை. வெளியே வந்தவருக்கு முகமெல்லாம் அழுக்கு, அதற்குள் ஒரு சிரிப்பு. சுலபமாகச் சிக்கவில்லை என்றால் அவருக்கு அப்படித்தான்.

பிறகு முன்பக்க பம்பரின் நட்டநடுவில் ஜாக்கியைக் கொடுத்து, முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பும்வரை தூக்கினார். பின்பக்கம் போய்க் குந்தி அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே உயரம்.

“பின்னால ஒரு கொழப்பமும் இல்ல. முன்னால உள்ளதுதான் பின்னாலயும் இழுத்துச் சாய்க்குது,” என்றார்.

முன்பக்க ஸ்பிரிங் இரண்டையும் கழற்றித் தரையில் பக்கம் பக்கமாகப் போடும்போது மதியம் தாண்டிவிட்டது. லீலாபாய் இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு அலுத்துப்போனாள். பட்டைகளின் எண்ணிக்கையும் ஒன்றுபோல, நீளமும் ஒன்றுபோல. யோசுவா துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவினார். இடது பக்கத்திலிருந்து கழற்றியது தடிமன் கூடுதல். டிரைவரும் டேங்கும் இருக்கிற வலது பக்கத்துக்கு வேண்டிய தடித்த ஸ்பிரிங் மறுபக்கம் கிடக்கிறது. எந்த மடையன் இப்படி மாட்டினான் என்று வாய்வரை வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது.

சித்திரையில் இந்த வண்டியை முழுசாகப் பிரித்துப் பூட்டியது அவரேதான். யுத்தக் காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் அவர் தொழில் படித்தது அமெரிக்க ஜீப்பில். அதில் ஸ்டீரிங் இடது பக்கம். தடித்தது இடது, மெல்லியது வலது என்று சார்ஜென்ட் கத்திக் கத்திச் சொன்னதை மூன்று வருஷம் கை படித்திருந்தது. இருபது வருஷம் கழித்து, ஸ்டீரிங் வலது பக்கம் இருக்கிற வண்டியிலும் அந்தக் கை யாரையும் கேட்காமல் தன் வழக்கத்தைச் செய்திருக்கிறது. மாட்டிய புதிதில் தெரியவில்லை. மலைரோட்டில் ஓட ஓட மெல்லியது அமுங்கிவிட்டது. காரணம் பிடிபட்ட சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. யோசுவாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்பிரிங்குகளைப் பக்கம் மாற்றிப் பூட்டினார். டேங்கை நிரப்பி வன்னியபெருமாளை சீட்டில் உட்காரவைத்து அளந்தபோது கால் அங்குல வித்தியாசம்தான் இருந்தது.

“ஸ்பிரிங் பட்ட களச்சுப் போச்சுன்னு எழுதிருங்க அண்ணாச்சி. உங்களுக்கும் கொறச்சல் இல்ல,” என்றான் அவன் மெதுவாக.

“பாரத்துல களச்சுதுன்னுல்லா உம்ம சூப்பரண்டு சொல்லுவாரு.” யோசுவா மனைவியைப் பார்த்தார். “லீலா, உள்ளத எழுது. மாத்தி மாட்டினது நானுன்னு எழுது. டிரைவருக்க தப்பு ஒண்ணும் இல்லன்னு எழுது.”

“யோசிச்சுட்டுச் சொல்லுங்க. இனி அங்கேருந்து ஒரு வண்டியும் வராது,” என்றாள் லீலாபாய்.

“தெரியும். எழுது.”

அவள் எழுதினாள். யோசுவா கையெழுத்துப் போட்டார். லீலாபாய் அதைத் தமிழில் சொல்லக் கேட்ட வன்னியபெருமாள் கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். ஆனால் வண்டியில் ஏறவில்லை.

“எங்க தோட்டத்துல கோலப்பன் ஓட்டின இன்னொரு ஜீப்பும் நீங்கதானே பாத்தீங்க அண்ணாச்சி?”

“ஆமா. அதே மாசந்தான்.”

“அதுவும் இந்தப் பக்கந்தான் சாஞ்சுது. விறகு ஏத்தினான்னு சொல்லி ஓணத்துக்கு மறுநாளு அவன வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. அவங்கிட்ட எழுதி வாங்கிட்டு வான்னு யாரும் சொல்லல.”

யோசுவா ஒரு பழந்துணியை எடுத்தார். “இப்ப எங்க இருக்கான்?”

“பூதப்பாண்டிப் பக்கம் போனான்னு கேள்வி. குடும்பத்தோட. வண்டிய வேற ஒருத்தன் ஓட்டுதான். இப்பவும் சாஞ்சுதான் ஓடுது.”

ஜீப்பு புறப்பட்டுப் போயிற்று. லீலாபாய் நோட்டிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்து, மேலே தேதியை மட்டும் எழுதிவிட்டுக் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். யோசுவா பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை சுத்தமாகி வெகுநேரமாயிற்று. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.