எரிபொருள் குறிப்பிடப்படாத கேள்வி

1

இந்தக் கதை எனக்குச் சுன்னாகத்தில் ஒரு பல் வைத்தியரின் விறாந்தையில் கிடைத்தது. வாசிகசாலை, கருத்தரங்கு என்று கொஞ்சம் கௌரவமான இடமாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் பொய்யை முதல் வரியிலேயே செலவழித்துவிட்டால் பிறகு தேவைப்படும்போது கையில் இராது.

என் பக்கத்துக் கதிரையில் கன்னம் வீங்கியபடி இருந்தவர் சோமசேகரம். கல்லூரி ஒன்றில் பொறியியல் மாணவருக்கு வெப்ப இயக்கவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வாயின் ஒரு பக்கத்தால் மட்டுமே கதைத்தார். ஆகவே இதில் ஒரு பங்கு நான் ஊகித்தது. எந்தப் பங்கு என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘1993ஆம் ஆண்டு ஆவணி மாதத்து யாழ்ப்பாண வானம்...’

வானத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘வெப்பம் தானாக ஒருபோதும் குளிர்ந்த பொருளிலிருந்து...’

வகுப்பு எடுப்பது என் வேலை அல்ல. எடுத்தால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள்.

மூன்றாம் தொடக்கம்: சோமசேகரம் தன் மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டு உதைத்தார். அது கிளம்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டு, வெள்ளைப் புகையோடு வகுப்புக்குப் போனார்.

இது இருக்கட்டும். போர் நடந்த அந்த வருடங்களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரத் தடை. துளிக்கணக்கில்தான் கிடைக்கும். மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான், ஆனாலும் குடாநாட்டில் ஓடியதெல்லாம் அதில்தான் ஓடியது.

(இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகாதீர்கள், கதை இதில்தான் தொங்குகிறது. பெற்றோல் எஞ்சினின் அமுக்கத்தை மண்ணெண்ணெய் தாங்காது. முந்திக்கொண்டு வெடிக்கும், எஞ்சின் தட்டும், கடைசியில் நின்றுபோகும். அதனால் சிலிண்டர் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கெற்றை, அதாவது அடைப்புத் தகட்டைச் செருகி, உள்ளே கொஞ்சம் இடம்விட்டு அமுக்கத்தைக் குறைப்பார்கள். வாகனம் திருத்துகிற எல்லாக் கராச்சிலும் செய்தார்கள். தோட்டத்தில் நீர் இறைக்கும் மெசினுக்கும் இதே வைத்தியம்தான்.)

3

அந்த வருட இறுதிப் பரீட்சைக்குச் சோமசேகரம் ஒரு கேள்வி எழுதினார். ‘ஓர் எஞ்சின் நன்றாக ஓட அதன் அமுக்க விகிதத்தை என்ன செய்யவேண்டும்? காரணம் தருக.’ இருபது புள்ளி.

புத்தகத்தின் விடை: கூட்டவேண்டும். கூட்டினால் வினைத்திறன் கூடும். வகுப்பில் அவரே சமன்பாட்டோடு படிப்பித்தது இதுதான்.

முழு வகுப்பும் குறைக்கவேண்டும் என்று எழுதியது. சோமசேகரம் விடைத்தாள்களைத் திருத்தினார். எல்லோருக்கும் சரி போட்டார். அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

4

விடைத்தாள்கள் கடலேரி கடந்து கொழும்புக்குப் போயின. அங்கே இரண்டாம் பரீட்சகர் மார்க்கண்டு. அவரும் எங்கடை ஆள்தான், ஆனால் இளவயதிலேயே கொழும்போடு நின்றுவிட்டவர்.

முதலில் இவரை ஒரு கெட்டவராகத்தான் எழுதினேன். தங்கப் பல்கூட வைத்தேன். (பல் வைத்தியரின் விறாந்தை செய்த வேலை.) பிறகு அழித்தேன். குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு ‘குறைக்கவேண்டும்’ என்று முப்பது தாள்களில் வாசித்தால், நானும் அவர் எழுதியதைத்தான் எழுதியிருப்பேன்:

‘ஒரே பிழையை எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் என்ன நடந்தது?’

எல்லோருக்கும் சைபர். அந்தச் சைபர் நின்றால் முழு வகுப்பும் பெயிலாகி ஒரு வருடம் போகும்.

சோமசேகரம் கேள்வித்தாளை எடுத்துத் திரும்பவும் வாசித்தார். எரிபொருள் எது என்று அதில் இல்லை. பெற்றோல் என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. மண்ணெண்ணெய் என்று எழுதவும் தோன்றவில்லை. எஞ்சின் என்றாலே மண்ணெண்ணெய்தான் என்ற நிலைக்கு அவரும் வந்துவிட்டிருந்தார். அதைக் கண்டபோது அவருக்குப் பயமாக இருந்தது என்று என்னிடம் சொன்னார். வெட்கமாக இருந்தது என்று நான் எழுதி வைத்திருந்தேன். இல்லை, பயம்.

கொழும்புக்கு விளக்கி எழுதினார். பதில் வந்தது: மண்ணெண்ணெய் பாடத்திட்டத்தில் இல்லை.

5

இங்கே கமலாவதி வருகிறாள். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரரின் மகள். தெற்கே மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தை மாதத்துக்குள் பெறுபேறு கையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

(ஒரு வரைவில் இவளை அழவைத்தேன். பிறகு விறாந்தையில் சோமசேகரம் சொன்னது ஞாபகம் வந்து அழித்தேன். அவள் அழுகிற ஆளில்லையாம்.)

“புத்தகத்திலை என்ன கிடக்கு, பிள்ளை?”

“கூட்டோணும் எண்டு கிடக்கு, சேர்.”

“தெரிஞ்சுகொண்டே ஏன் குறைக்கோணும் எண்டு எழுதினனீர்?”

“கூட்டினா நிண்டுபோகும், சேர். எங்கடை இறைக்கிற மெசினுக்கு நான்தானே கஸ்கெற் போட்டனான். நீங்கள் நல்லா ஓட எண்டுதானே கேட்டனீங்கள்.”

சோமசேகரம் கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“கொப்பியடிச்சதெண்டு சொல்லீனமாம். ஓமோ, சேர்?”

“ஓம். கேக்கீனம்.”

“புள்ளி போனாலும் பறவாயில்லை. அப்பிடி மட்டும் எழுத விடாதேங்கோ.” பிறகு, “இல்லை, சேர். புள்ளியும் வேணும்” என்றாள்.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

6

இரண்டு பரீட்சகர்கள் இவ்வளவு தூரம் முரண்பட்டால் விடைத்தாள் மூன்றாம் பரீட்சகருக்குப் போகும். அவர் போடுவதே முடிவு. அதுதான் விதி.

முடிவு அ: மூன்றாம் பரீட்சகர் முழுப் புள்ளியும் போடுகிறார். கமலாவதி படகேறுகிறாள். எழுதி வாசித்துப் பார்த்தேன். சீனி கூடிய தேத்தண்ணி.

முடிவு ஆ: அவரும் சைபர் போடுகிறார். கமலாவதி அடுத்த தை வரைக்கும்...

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம் என்பது அந்த ஊரில் அந்த நாளில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

உண்மையில் என்ன நடந்தது? நான் கேட்க வாயெடுத்த நேரம் சோமசேகரத்தை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நம்பமாட்டீர்கள், எனக்கே நம்பக் கஷ்டமாக இருக்கிறது. அவருடைய வீடு அளவெட்டியில், தூரமில்லை. போய்க் கேட்கலாம். போகமாட்டேன். கேட்டால், அன்றைக்கு யாரோ ஒருவர் போட்ட புள்ளி எனக்குத் தெரியவரும், அவ்வளவுதான்.

7

ஆகவே மூன்றாம் பரீட்சகராக உங்களை நியமிக்கிறேன். சம்பளம் இல்லை. முதல் இருவரின் புள்ளிகளையும் மறந்துவிடுங்கள். கேள்வியில் எரிபொருள் குறிப்பிடப்படவில்லை என்பதை வேண்டுமானால் கவனியுங்கள், வேண்டாமானால் விடுங்கள். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னம், சோமசேகரம் கமலாவதியின் விடையை எனக்கு மனப்பாடமாகச் சொன்னார். நீங்கள் திருத்தவேண்டிய தாள் இது:

‘குறைக்கவேண்டும். தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கெற் வைத்தால் போதும். இதனால் வினைத்திறன் குறையும் என்பது எனக்குத் தெரியும். சமன்பாடு கீழே. புகை கூடும், சூடு வீணாகும், இழுவை போதாது. ஆனால் கிடைப்பதை வைத்துக்கொண்டு ஓடும்.’

புள்ளி: ........ / 20