அட்டைக்குள் இருந்த குறிப்பு

மார்ச் 3, திங்கட்கிழமை. குடும்ப உதவி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் பதினோராயிரத்து நானூறு கோப்புகள் கணினியில் ஏற்றி முடிக்கப்பட்டன. கோப்புகளிலிருந்து கிழித்த அட்டைகள் பழைய காகிதத்தோடு போயின.

கிழிக்கச் சொன்னவர் சீர்திருத்தப் பிரிவு அதிகாரி. மூன்று அலுவலகங்களுக்கு அலைந்துகொண்டிருந்த குடும்பங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். எதிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பதால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'கத்தரிக்கோல் மேடம்'.

அட்டையின் உட்புறத்தில் களப்பணியாளர்கள் பென்சிலால் குறித்து வைப்பது வழக்கம். நாய் கடிக்கும்; மாமியார் இருந்தால் வாயைத் திறக்காதே; படி வழுக்கும். இரண்டு அட்டைகளைப் புரட்டிய அதிகாரி, ஊர்வம்பு என்று ஒதுக்கிவிட்டார்.

ஜூனில் ஒரு நாள், இருபது வருடம் வீடு வீடாக நடந்த களப்பணியாளர் அதிகாரியின் மேசை முன் வந்து நின்றார். எல்லோருக்கும் அவர் 'பென்சில் அக்கா'. மார்ச்சில்தான் அவரை வேறு பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். நடக்க முடியாத ஒரு சின்னப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுக்க மார்ச்சுக்குப் பிறகு புதிதாக வந்த உதவியாளர் இரண்டு மாதமாகப் போகவில்லையாம். மூன்று முறை கதவு திறக்கவில்லை என்றால் உதவி தானாக நின்றுவிடும் என்பது புதிய விதி.

"நீங்களே வந்து ஒருதரம் தட்டிப் பாருங்க மேடம்."

அதிகாரி போய்த் தட்டினார். முதலில் மெதுவாக, பிறகு உள்ளங்கையால். அசைவில்லை.

"பாத்தீங்களா? வீட்டுல ஆளே இல்ல."

அக்கா பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டினார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து சிரித்தாள். கதவு திறந்தது. அவளுக்குக் காது கேட்காது; எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். கிழிந்துபோன அட்டையில் இருந்தது அதுதான்.

குழந்தை பாயில் கிடந்தது. பிப்ரவரியில் நாற்காலியைப் பிடித்து நின்ற கால்கள் இப்போது துவண்டு கிடந்தன.

"ஒத்துழைக்கலன்னு லெட்டர் வந்துச்சு," என்றாள் தாய். "கேக்கலாம்னா கீழ போன் நம்பர் மட்டுந்தான் இருந்துச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"உங்க மேல தப்பில்லம்மா. எங்க மேலதான்."

"எங்க மேலயா, மேடம்?" என்றார் அக்கா.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, "என் மேல," என்றார். தாய்க்கு உதடு தெரியவில்லை. என்ன சொன்னீங்க என்று அருகில் வந்தாள். அவர் நிமிர்ந்து, அந்தக் கண்களைப் பார்த்தபடி, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மாலையில் அவரே கோப்பைத் திறந்தார். உதவி நின்றதற்கான காரணத்தைத் திருத்தப் போனால் மூன்றே தெரிவுகள்: குடும்பம் ஒத்துழைக்கவில்லை, இடம் மாறிவிட்டது, தேவை முடிந்தது. மூன்றையும் எழுதியது அவர்தான். அலுவலகத்தின் தவறு என்று ஒன்று அவருக்கு அப்போது தோன்றவே இல்லை.

காரணம் மாறவில்லை. நின்ற உதவியைத் தொடர வழி இல்லாமல், குழந்தையின் பெயர் புதிய விண்ணப்பமாகப் பதிவானது. காத்திருப்போர் வரிசையில் அறுபத்திரண்டாவது இடம்.