பெட்டிக்குள் இருந்த கடைசி ரீல்

படப்பை டூரிங் கொட்டாயில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். அடுத்ததை மாட்டும்வரை மணலில் உட்கார்ந்திருக்கும் சனம் முறுக்கு வாங்கும், பிள்ளைகளைத் தேடும், இனி என்ன நடக்கும் என்று சண்டை போடும். பாதிக் கதையை அந்த வெளிச்சத்தில் சனங்களே எழுதிவிடுகிறார்கள் என்பான் ஆபரேட்டர் பாண்டுரங்கன்.

அவனே ஒரு கதையை மாற்றியது அறுபத்தெட்டில், ‘கௌரியின் கூந்தல்’ படம் வந்தபோது.

படப்பெட்டி வந்த அன்று மத்தியானம், பிலிமில் ஒட்டு எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்க்கக் கடைசி ரீல்களை ஓட்டினான். கீற்று இடுக்கில் வெயில் விழுந்து, திரையில் முகங்கள் வெளுத்துத் தெரிந்தன. ஊரை எதிர்த்து ஒரு வாத்தியார் விதவை கௌரிக்குத் தாலி கட்டுகிறார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கடைசி ரீலில், மஞ்சள் கயிற்றின் ஈரம் காயாத கழுத்தோடு, முதல் புருஷனின் போட்டோவுக்கு முன்னால் அவள் விழுந்து செத்துப்போகிறாள். சீர்திருத்தம் பேச வந்த படத்துக்குக்கூட, கட்டிக்கொண்டவளை உயிரோடு விடத் தைரியம் வரவில்லை.

பாண்டுரங்கனுக்கு மரகதத்தின் நினைவு வந்தது.

மரகதம் சேரப்பணஞ்சேரியிலிருந்து படப்பை ரைஸ் மில்லுக்கு வேலைக்கு வருபவள். கல்யாணமான வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று பாண்டுரங்கன் நேரே அவள் அம்மா சந்திரம்மாளிடம் போய்க் கேட்டிருந்தான்.

“நீ நல்லவந்தான்யா. ஆனா ஊரு இன்னா சொல்லும்?” என்று அவள் அனுப்பிவிட்டாள். மரகதம் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் சேரப்பணஞ்சேரிப் பெண்கள் எல்லாரும் படத்துக்கு வருகிறார்கள். சந்திரம்மாளும் வருகிறாள்.

வந்தார்கள். பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். கௌரிக்குத் தாலி ஏறியதும், “கட்டுடா ராசா!” என்று யாரோ கத்த, கொட்டாயே கை தட்டியது. விளக்கு எரிந்தது. ஒரு ரீல் இன்னும் பெட்டியில் இருந்தது. பாண்டுரங்கன் அதைத் தொடவில்லை. படம் விட்டதும் தேசிய கீதத்தோடு போடும் கொடிப் படத்தை எடுத்து மாட்டினான். திரையில் கொடி பறந்ததும் சனம் மொத்தமும் எழுந்து நின்றது. எழுந்து நின்ற பிறகு யார் உட்கார்ந்து கேள்வி கேட்கப் போகிறார்கள்?

வீடு திரும்பும் வழியில், ஏரிக்கரை வந்ததும் சந்திரம்மாள் நின்று மகளிடம் சொன்னாள்: “எவளோ ஒருத்திக்குத் தாலி ஏறினதுக்கு இந்த ஊரே கைதட்டுச்சே. அதே ஊரு நம்பள மட்டும் இன்னா சொல்லிடும்?”

ஆவணியில் வல்லக்கோட்டைக் கோயிலில் கல்யாணம் நடந்தது.

படம் ஓடிய நாளெல்லாம் கடைசி ரீல் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விட்டது. ஆனால் பாண்டுரங்கனை விட்டுப் போகவில்லை. மரகதத்துக்கு லேசாகக் காய்ச்சல் வந்தாலும், அந்த ரீல் எங்கோ ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றும், இரவெல்லாம் விழித்திருப்பான். அவளிடம் சொன்னதில்லை. ஏமாற்றித்தானே கட்டிக்கொண்டாய் என்று கேட்டுவிட்டால்?

பிறகு கொட்டாய் மூடப்பட்டது. அந்த மணலில் லாரிகள் நின்றன. பாண்டுரங்கன் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டான். டி.வி. வந்தபோது, சேரப்பணஞ்சேரியில் ஆன்டெனா கட்டுவதும் அவன் வேலையாயிற்று.

எண்பத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டி.வி. வாங்கியிருந்த பலராமன் வீட்டுக் கூடத்தில் படம் பார்க்கத் தெருவே கூடியிருந்தது. படத்தின் பெயர் வந்ததும் சந்திரம்மாள் மகளின் தொடையில் தட்டினாள். “ஏண்டி, இது நம்ப படம்டி!”

மரகதம் சிரித்தபடி புருஷனைத் தேடினாள். அவன் ஏற்கெனவே வெளியே சுவரில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தான்.

“கம்பி சரியில்ல” என்றான்.

“நல்லாத்தானே தெரிது மாமா!” என்றான் பலராமன்.

பாண்டுரங்கன் ஓட்டின் மேல் நின்று ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்பினான். கிழக்கே, மேற்கே, வானத்தைப் பார்த்து. பட்டணத்து டி.வி. கோபுரம் அவ்வளவு கிட்டே. எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளிகளுக்கு நடுவே கௌரி வந்து நின்றாள்.

“யோவ் மாமா, இன்னாய்யா பண்ற அங்க?” என்று உள்ளேயிருந்து கத்தினார்கள்.

தாலி ஏறியது. சந்திரம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். “கொடி எங்கடி? போடலியா?” என்று சுற்றிலும் பார்த்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். “அவ்ளோதான், படம் முடிஞ்சுது. நான் போறேன்” என்று கொண்டையைத் தட்டி முடிந்துகொண்டு, நிறைந்த மனசோடு வீட்டுக்கு நடந்தாள்.

மரகதமும் எழுந்தாள். படம் நிற்கவில்லை. நின்றபடியே பார்த்தாள். போட்டோ, விளக்கு, கீழே விழுகிற கௌரி. யாரோ “ஐயோ” என்றார்கள்.

அவள் வெளியே வந்தபோது இருட்டிவிட்டிருந்தது, வாசல் விளக்கு எரிந்தது. ஓட்டின் மேல், கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி பாண்டுரங்கன் அவளையே பார்த்தான்.

“இன்னா... முடிஞ்சுதா?” என்று மேலிருந்தே கேட்டான்.

“முடிஞ்சுது.”

“முழுசா பாத்தியா?”

மணலும் முறுக்கும் பெண்கள் பக்கத்து அழுகையும், ஏரிக்கரையில் அம்மா நின்ற இடமும் மரகதத்துக்குள் ஒருமுறை வந்து போயின. அன்றைக்கு எல்லாரையும் எழுப்பி நிறுத்தியது யார் என்று இப்போது தெரிந்தது.

“பாவம் அந்தப் பொண்ணு” என்றாள். “அவளுக்கு நம்ப கொட்டாய் கெடைக்கல.”

அவன் இன்னும் கம்பத்தை விடவில்லை.

“இன்னா நின்னுகினே கீற? எறங்கு. ஏணிய நான் புடிச்சுக்கறேன்.”