கீழே என்றால் எங்கே

ஞானவேலுக்கு மோட்டார் காயில் கட்டுவது தொழில். எஞ்சினியர் பட்டம் அவருடைய கார்டில் மட்டும் இருந்தது. தங்க எழுத்தில் இருந்ததால் வில்பட்டி மலைக்கிராமத்தில் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

திருமலைச்சாமியின் கேரட் காடு ரோட்டுக்குப் பன்னிரண்டு அடி பள்ளத்தில் இருக்கிறது. மூட்டையைத் தலையில் வைத்து, மண்ணில் வெட்டிய படிகளில் ஏறித்தான் லாரிக்கு வர வேண்டும். போன ஐப்பசி மழையில் அவர் மனைவி மணிமேகலை மூட்டையோடு சறுக்கி விழுந்து இரண்டு மாதம் படுத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகு ஞானவேல் சொன்னதெல்லாம் திருமலைச்சாமிக்கு நியாயமாகவே பட்டது.

உடைசலுக்குப் போன டிப்பர் லாரியின் ஜாக்கி, இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், எண்ணெயை அழுத்த ஒரு மோட்டார், உச்சியில் மூட்டை வைக்க ஓர் இரும்புத் தட்டு. லிஃப்ட் தயார். ரிமோட்டில் இரண்டே பட்டன். பச்சையில் ‘மேலே’ என்றும் சிவப்பில் ‘கீழே’ என்றும் ஸ்டிக்கர்.

“நிப்பாட்ட ஒண்ணு வேணாமா தம்பி?”

“ஸ்டாப் பட்டன் வைக்கிறவன் சொந்த மெஷின நம்பாதவன்ணே. இது ஒரு தடவ தொட்டா போதும், கடைசி வரைக்கும் போய்த்தான் நிக்கும். ஒரு சோலி முடியாம அடுத்த சோலிக்குக் காது குடுக்காது. டிசிப்ளின்!”

திருமலைச்சாமி இளவயதில் மலைப்பாதை லாரிகளில் கிளீனர். வண்டி ஏற்றத்தில் நின்றால் குதித்து இறங்கி டயருக்குக் கட்டை போடுவதுதான் முதல் வேலை. அந்தப் பழக்கத்தில், தட்டு மேலே போனதும், தவறி இறங்கினால் தாங்கட்டும் என்று அடியில் நிறுத்தி வைக்க மூன்றடித் தைலமரக் கட்டை ஒன்றை அறுத்து வைத்திருந்தார். தொடக்க விழா அன்று ஞானவேல் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“ஹைட்ராலிக்குக்குக் கட்டையா? வீடியோல பாக்கிறவன் சிரிப்பான்ணே. எடுத்துக் கடாசுங்க.”

எடுத்தார். கடாசவில்லை. சட்டத்தின் ஓரமாகப் படுக்க வைத்தார்.

காலை ஏழு மணி. பனிமூட்டம். ரோட்டில் நின்ற ஞானவேலுக்குத் தன் ஷூ தெரிந்தது, காடு தெரியவில்லை. தூரத்திலிருந்து இயக்குவதுதான் ரிமோட் என்றால், பார்க்காமல் இயக்குவதும் அதில் அடக்கம் என்று நினைத்தாரோ என்னவோ. வலது கையில் ரிமோட், இடது கையில் செல்போன். பச்சையைத் தொட்டார். எட்டு மூட்டைகளோடு தட்டு முனகிக்கொண்டே ஏறி ரோட்டு மட்டத்தில் நின்றது.

“விவசாயத்தில் ஒரு புரட்சி…” என்று செல்போனிடம் ஆரம்பித்தார்.

“புரட்சிய அப்புறம் பாக்கலாம் எஞ்சினியரே” என்றார் லாரி டிரைவர் ஷபீர். “ஏலத்துக்கு முன்ன ஒட்டன்சத்திரம் போகணும். வெரசா!” சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

தட்டு ஏறும்போதே ஒரு மூட்டை வாய் பிரிந்து பத்துப் பதினைந்து கேரட் பள்ளத்தில் விழுந்திருந்தன. காட்டில் திருமலைச்சாமியோடு நின்ற மணிமேகலை தட்டுக்கு அடியில் புகுந்து பொறுக்கினாள். வெளியே வரும்போது, சட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட் அவள் போட்டிருந்த கம்பளிச் சொட்டரின் முதுகில் கொக்கியாக மாட்டிக்கொண்டது.

“ஏங்க! சொட்டர் மாட்டிக்கிச்சு!”

திருமலைச்சாமி அண்ணாந்து பார்த்தார். அவள் தலைக்கு நேர்மேலே நானூறு கிலோ. முதலில் பாரம் லாரிக்குப் போகட்டும்.

“தம்பி! மூட்டையெல்லாம் கீழ அனுப்பிருங்க! பட்டனத் தொடாதீங்க, இவ உள்ள கெடக்கா!”

மலையில் கீழ என்றால் சமவெளி. ஒட்டன்சத்திரம் கீழ, மதுரை கீழ, சென்னையும் கீழதான். காட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற மூட்டைக்கே ‘கீழ போற சரக்கு’ என்றுதான் பெயர். ஞானவேலும் பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்கிறார். ஆனால் இன்று அவர் கையில் ‘கீழே’ என்று எழுதிய பட்டன் ஒன்று இருந்தது. இரண்டாவது வாக்கியத்தை ஷபீரின் ஹாரன் விழுங்கிவிட்டது.

சிவப்பைத் தொட்டார்.

தட்டு இறங்க ஆரம்பித்தது.

“மேல! மேல தூக்குங்க தம்பி!”

ஞானவேல் பச்சையைத் தொட்டார். மெஷின் டிசிப்ளினாக இறங்கியது. மறுபடி தொட்டார். ஆள்காட்டி விரலால், கட்டை விரலால், கடைசியில் இரண்டு கையாலும் அமுக்கினார். செல்போன் ரோட்டில் விழுந்து வானத்தைப் படம் எடுத்தது.

“ஏலே, நிப்பாட்டுடா!” பள்ளத்திலிருந்து வந்த குரலில் தம்பியும் இல்லை, எஞ்சினியரும் இல்லை.

மணிமேகலை சொட்டரைக் கழற்றப் பார்த்தாள். ஆறு பட்டன். குளிரில் மரத்த விரல்கள். ஒன்று. இரண்டு. தட்டு ஏழடியில் இருந்தது. மூன்றாவது பட்டன் நூலோடு பிய்ந்தது. ஐந்தடி. அவள் குனிந்தாள். நாலாவது வரவில்லை.

“குந்துடீ!”

அவள் குந்தினாள். திருமலைச்சாமி கட்டையைத் தூக்கி, தட்டுக்கு அடியில் செங்குத்தாக நிறுத்தி, கையை உருவினார். இரும்பு மரத்தில் உட்கார்ந்தது. கட்டை கிறீச்சிட்டது, மண்ணில் நாலு விரற்கடை புதைந்தது, நின்றது. இரண்டு மூட்டைகள் சரிந்து காட்டில் விழுந்தன.

தட்டு அவள் உச்சிக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது. மெஷினைப் பொறுத்தவரை அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பச்சைக்குக் காது கொடுக்கவில்லை.

மிச்சப் பட்டன்களைக் கழற்றி, சொட்டரைப் போல்ட்டிலேயே விட்டுவிட்டு மணிமேகலை தவழ்ந்து வந்தாள். மடியில் கேரட் அப்படியே இருந்தது.

படியில் இறங்கி ஓடிவந்த ஞானவேலுக்கு மூச்சு வாங்கியது. கட்டையைப் பார்த்தார். “மெக்கானிக்கல் சேஃப்டி… அது எப்பவும் வேணும்னேன்…”

மணிமேகலை அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி இரண்டு ஸ்டிக்கரையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

“பச்சையில ரோடுன்னு எழுதுங்க. செவப்புல காடுன்னு எழுதுங்க. நிப்பாட்டுறதுக்கு மூணாவதா ஒண்ணு வைங்க.”

“அதுல ஸ்டாப்புன்னு போட்டுரலாம்க்கா.”

“வேணாம்,” என்றாள். “கட்டைன்னு போடுங்க.”