ஐம்பத்தாறாம் நாளுக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு சின்னத் திருட்டில் பிறந்தது. பழைய சுற்றறிக்கையிலிருந்து ஒரு வரியை அப்படியே உருவிப் புதியதில் ஒட்டியவர் சுப்ரமணியன். பெங்களூரில் ஓர் அரசுத் துறையில், சுற்றறிக்கைகளை எழுதிக் கையெழுத்துப் போடும் பொறியாளர். சுப்ரமணியன் நான்தான். மூன்றாம் மனிதராக வைத்துக்கொண்டால் திட்டுவதற்கு வசதி.

2

முதல் தொடக்கம்: சிமெண்ட் ஆலைகளின் புகை கண்டு பூமித்தாய் கண்ணீர்...

(வேண்டாம். இது அவர் சுற்றறிக்கைக்கு எழுதிய முன்னுரை.)

இரண்டாம் தொடக்கம்: இனி அரசுக் கட்டடங்களில் சிமெண்டைப் பாதிக்கு மேல் குறைத்து, இரும்பாலையில் மிஞ்சும் கசடைப் பொடியாக்கிச் சேர்க்க வேண்டும் என்றது சுற்றறிக்கை. சிமெண்ட் குறைந்தால் கரியமில வாயுவும் குறையும். நல்ல காரியம், அதில் எனக்குக் கிண்டல் கிடையாது. ஆனால் அந்தக் கலவை நிதானமானது. சாதாரணக் கான்கிரீட் இருபத்தெட்டு நாளில் அடையும் வலுவை அடைய இதற்கு ஐம்பத்தாறு நாள் ஆகும். கூட்டத்தில் படம் போட்டு இதை விளக்கியவரே சுப்ரமணியன்தான். சோதனை விதியை எழுதும்போது சாப்பாட்டு நேரமாகிவிட்டது. பழைய வரியை ஒட்டிவிட்டு எழுந்தார்: 'இருபத்தெட்டாம் நாளில் முழு வலு வராவிட்டால் இடித்துக் கட்டவும்.'

3

முதல் கட்டடம் பொம்மனஹள்ளியில் எழுந்தது. அதன் கான்கிரீட்டைச் சோதித்தவள் தனியார் சோதனைக்கூடத்தில் வேலை செய்யும் சங்கமித்ரா. (முதலில் அவளைப் பயந்த பெண்ணாக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன்.) தூண்களுக்கு ஊற்றிய அதே கலவையில் வார்த்து வைத்திருந்த கான்கிரீட் கட்டிகளை இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கினாள். வலு முப்பது வர வேண்டிய இடத்தில் இருபத்துநாலு வந்தது. விதிப்படி பன்னிரண்டு தூண்களையும் உடைக்க வேண்டும். சூடுபட்ட ஒப்பந்ததாரர் மறுபடி முழுச் சிமெண்டில்தான் கட்டுவார். ஆக, கரியமில வாயுவைக் குறைக்கப் போன சுற்றறிக்கை, ஒரே கட்டடத்துக்கு இரண்டு முறை...

(இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.)

சுப்ரமணியன் அவளுக்குப் போன் போட்டார். எப்படியும் முப்பது வரத்தானே போகிறது, இப்போதே முப்பது என்று எழுதிவிடேன் அம்மா என்று நயமாகக் கேட்டார்.

"நம்பர் மாத்த மாட்டேன் ஸார். மூணு கட்டி எக்ஸ்ட்ராவா தண்ணித்தொட்டியில போட்டு வெச்சிருக்கேன். அம்பத்தாறாவது நாளு ஒடைச்சுப் பாக்கலாம். அது வரைக்கும் டைம் உண்டுன்னு சர்க்குலர்ல ஒரு லைன் திருத்தி நீங்க சைன் போடுங்க."

திருத்தம் போட்டால் தவறு அவருடையது என்று ஊருக்கே தெரியும். பதவி உயர்வுப் பட்டியல் இந்த மாதம் வருகிறது.

4

மாற்று முடிவுகள்.

அ) சோதனை அறிக்கை தபாலில் தொலைந்துபோகிறது. (நடக்கக்கூடியது. அதனாலேயே அலுப்பு.)

ஆ) சுப்ரமணியன் மனம் திருந்தி, மழையில் நனைந்தபடி ஓடி... (அவரை எனக்கு ஐம்பத்தேழு வருடமாகத் தெரியும். ஓட மாட்டார்.)

இ) முடிவை வாசகரிடமே விட்டுவிடுவது. அலுவலக நடையில் சொன்னால், 'தங்கள் தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது.' முப்பது வருடமாகக் கோப்பு தள்ளியவனுக்கு இது கைவந்த கலை. இலக்கியத்திலும் இதற்கு மரியாதை உண்டு என்று கேள்வி.

இ-யையே தேர்ந்தெடுத்தேன்.

5

திருத்தம் ஒரே வரி. தட்டச்சாகிப் பத்து நாளாக மேசையில் கிடக்கிறது. அதன் பின்பக்கத்தில்தான், பொடி எழுத்தில், இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலை தூண்களை உடைக்க இயந்திரம் வருகிறது.

சங்கமித்ரா நேரிலேயே வந்துவிட்டாள். திருத்தத்தைத் தேடி எடுத்தவள், பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு ஸார். ஆனா படிக்கிறவங்க சைன் செல்லாது."

திருத்தம் மேலே வரும்படி தாளைத் திருப்பி வைத்தாள். பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள்.

(சுப்ரமணியன் பக்கம் நீட்டினாள் என்று எழுதலாமா என்று பார்க்கிறேன். அவள் என்னைத்தான் பார்க்கிறாள்.)